எண்கள் ஒளிர்ந்த கருவிகள்

1950களின் தொடக்கத்திலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை, மின்னணு ஆய்வகங்களில் அளவுகளைக் காட்டிய கருவிகள் பலவற்றின் முகப்பில் எண்கள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தன. அதிர்வெண் எண்ணிகள், டிஜிட்டல் வோல்ட்மீட்டர்கள், கதிரியக்கத் துடிப்புகளை எண்ணும் ஸ்கேலர்கள் ஆகிய மூன்றும் இவற்றில் முதன்மையானவை. நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்க்குள், சூடேற்றும் இழை எதுவும் இல்லாமல், மின்வாயைச் சுற்றி ஒளி படர்வதே இக்குழாய்களில் பெரும்பாலானவற்றின் அடிப்படை. இன்று நிக்ஸி என்ற பெயரே பரவலாகத் தெரியும் என்றாலும், அதற்கு முன்னும் பின்னும் வேறு பல ஒளிர்குழாய்கள் புழக்கத்தில் இருந்தன. அளவெடுத்தல் என்ற வேலை, முள் நிற்கும் இடத்தைக் கண்ணால் மதிப்பிடுவதிலிருந்து துடிப்புகளை எண்ணுவதற்கு மாறிய காலமும் இதுதான். குழாய் அந்த மாற்றத்தின் வெளித்தோற்றம் மட்டுமே. அதன் பின்னால் இருந்த எண்ணும் சுற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இக்கருவிகளின் முழு வரலாறும் பிடிபடும்.

எண்ணும் கருவியின் தேவையை முதலில் உணர்ந்தவர்கள் அணு இயற்பியல் ஆய்வாளர்கள். மான்செஸ்டரிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் ரூதர்ஃபோர்டின் குழுவினர் ஆல்ஃபா துகள்களைக் கண்ணால்தான் எண்ணினார்கள். இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் துகள் மோதும்போதெல்லாம் தெறிக்கும் மினுக்கலை நுண்ணோக்கி வழியே பார்த்துக் கணக்கு வைக்க வேண்டும். கண் விரைவில் களைத்துவிடும் என்பதால் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்தார்கள். கைகர் கண்டறிவான் துகளை மின்துடிப்பாக மாற்றித் தந்தபின் கண்ணுக்கு வேலை குறைந்தது. ஆனால் துடிப்புகளைப் பதியும் இயந்திரப் பதிவி மெதுவானது. அடுத்தடுத்து வேகமாக வரும் துடிப்புகளை அது தவறவிட்டுவிடும்.

கேவண்டிஷ் ஆய்வகத்தின் வின்-வில்லியம்ஸ் 1930களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார். தைரட்ரான் என்ற வாயு நிரப்பிய வால்வுகளை இணை இணையாக அமைத்து, இரண்டு துடிப்பு வந்தால் ஒன்றை மட்டும் அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் சுற்றை அவர் உருவாக்கினார். அப்படி ஐந்து கட்டங்களை வரிசையாக வைத்தால், 32 துடிப்புகளுக்கு ஒருமுறை பதிவி நகர்ந்தால் போதும். இடையில் நின்றுபோன மிச்சத்தை, எந்தெந்தக் கட்டம் இயங்கும் நிலையில் இருக்கிறது என்று பார்த்து 1, 2, 4, 8, 16 என்று கூட்டிக்கொள்ள வேண்டும். கதிரியக்க ஆய்வகங்களில் இருந்தவர்களுக்கு இந்த இரட்டைக் கணக்கு பழகிவிட்டது. தொழிற்சாலையிலோ வானொலி நிலையத்திலோ கருவியைப் பார்ப்பவருக்குப் பத்தின் மடங்கில்தான் எண் வேண்டும். ஆகவே 1940களில் நான்கு இரட்டை நிலைச் சுற்றுகளை இணைத்து, அவற்றுக்கு இயல்பாக உள்ள 16 நிலைகளில் ஆறைத் தாண்டச் செய்து, பத்துக்குப் பத்து எண்ணும் சுற்றுகள் வந்தன. ஒவ்வொரு பத்துச் சுற்றுக்கும் பத்துச் சிறு நியான் விளக்குகள், 0 முதல் 9 வரை செங்குத்தாக அடுக்கப்பட்டன. ஒளிரும் எண்களின் முதல் வடிவம் இதுதான்: எண்ணே ஒளிரவில்லை, எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி ஒளிர்ந்தது.

வானொலித் துறையில் அதே காலத்தில் அதிர்வெண்ணை அளப்பது ஒரு தனிக் கைத்திறனாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் பரவலாகப் பயன்படுத்திய பிசி-221 என்ற அதிர்வெண்மானியை எடுத்துக்கொள்ளலாம். தெரியாத அலையையும் கருவிக்குள் பிறக்கும் அலையையும் கலந்து, காதில் மாட்டிய கேட்பொலிக் கருவியில் கேட்கும் விசில் சத்தம் தாழ்ந்து தாழ்ந்து அடங்கும் இடம் வரை குமிழைத் திருப்ப வேண்டும். பிறகு குமிழின் அளவுகோலைப் படித்து, அந்தக் குறிப்பிட்ட கருவிக்கென்றே தயாரித்து அதனுடன் தந்த அட்டவணைப் புத்தகத்தில் தேடி அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கருவியின் புத்தகம் இன்னொரு கருவிக்கு உதவாது. பழகிய கைக்கும் ஓர் அளவுக்குப் பல நிமிடங்கள் பிடிக்கும்.

இந்த இரு துறைகளும் சந்தித்த இடம் கலிஃபோர்னியாவின் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம். அங்கு பொறியாளராக இருந்த ஆல் பேக்லி, கதிரியக்க ஆய்வுக்காக வேகமான எண்ணும் சுற்றுகளில் ஈடுபட்டிருந்தார். துகள்களின் துடிப்பை எண்ணும் அதே சுற்றுக்கு வானொலி அலையைக் கொடுத்து, சரியாக ஒரு வினாடி மட்டும் கதவைத் திறந்து வைத்தால், எண்ணி முடித்த தொகையே அதிர்வெண் ஆகிவிடும். 1951ல் வெளிவந்த எச்.பி. 524ஏ இந்தக் கருத்தில் அமைந்தது. 10 மெகாஹெர்ட்ஸ் வரை எண்ணிய அந்த வால்வுக் கருவி, சுமார் பத்து நிமிட வேலையை ஓரிரு வினாடிக்குக் குறைத்தது. தங்களுக்கு ஒதுக்கிய அலைவரிசையிலிருந்து விலகாமல் இருக்கச் சட்டத்தால் கட்டுப்பட்ட அமெரிக்க வானொலி நிலையங்கள் அதை விரும்பி வாங்கின. அதன் முகப்பில் நியான் விளக்குத் தூண்கள் நின்றன. அவற்றோடு சில இலக்கங்களைக் காட்ட முள் மீட்டர்களும் இருந்தன. எண்ணும் கருவி வந்த பிறகும் முள் உடனே விடைபெறவில்லை.

அட்லாண்டிக்கின் மறுகரையில் வேறொரு வழி பிறந்தது. நான்கு இரட்டைச் சுற்றுகளுக்குப் பதில் ஒரே குழாய்க்குள் பத்து வரை எண்ண முடியுமா என்று பிரிட்டனின் எரிக்சன் டெலிஃபோன்ஸ் நிறுவனம் ஆராய்ந்தது. பேக்கன், பொல்லார்டு என்ற இருவர் அதை டெக்கட்ரான் என்ற பெயரில் 1950ல் வெளியிட்டார்கள். நடுவில் வட்டத் தகடு போன்ற நேர்மின்வாய், அதைச் சுற்றி வட்டமாக 30 கம்பிகள். அவற்றில் பத்து, எண்களுக்கு உரியவை. மீதி இருபதும் வழிகாட்டிகள். ஒரு துடிப்பு வந்ததும் இரண்டு வழிகாட்டிகளுக்கும் அடுத்தடுத்து மின்னழுத்தம் கொடுத்தால், ஒளிப்புள்ளி ஓர் எண் கம்பியிலிருந்து வழிகாட்டிகள் மேல் கால்வைத்து அடுத்த எண் கம்பிக்குத் தாவும். நியான் அடைத்தவற்றில் புள்ளி ஆரஞ்சாகவும், ஆர்கான் கலந்தவற்றில் ஊதாவாகவும் தெரியும். எண்ணுவது, நினைவில் வைப்பது, காட்டுவது ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே குழாய் செய்தது. மின்னணுவியலில் இவ்வளவு சிக்கனமான உறுப்புகள் அரிது.

டெக்கட்ரானின் குறை வேகம். பரவலாக விற்ற வகைகள் வினாடிக்குச் சில ஆயிரம் துடிப்புகளையே எண்ணின. வாயு அயனியாகவும் மீண்டும் இயல்புநிலைக்குத் திரும்பவும் நேரம் பிடிக்கும். அதைச் சுற்றால் சரிசெய்ய முடியாது. ஆகவே அதிர்வெண் எண்ணிகளில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. கதிரியக்க ஸ்கேலர்களில் நிலைத்தது. பிரிட்டனின் கல்லூரி ஆய்வகங்களில் கைகர் குழாயோடு இணைத்த டெக்கட்ரான் ஸ்கேலரில், முதல் குழாயில் புள்ளி கண்ணுக்குப் பிடிபடாமல் சுழல, அடுத்ததில் தத்தித் தத்தி நகர, மூன்றாவதில் எப்போதாவது ஒருமுறை அடியெடுத்து வைக்கும். பத்தின் மடங்கு என்றால் என்ன என்பதைப் பார்த்தே புரிந்துகொள்ள அதைவிட நல்ல கருவி பிறகு வரவில்லை. ஹார்வெல் அணு ஆய்வு நிலையம் 1951ல் இயக்கிய கணினியில் எண்களைத் தேக்கி வைக்க 828 டெக்கட்ரான்கள் இருந்தன. ஒரு பெருக்கலுக்கு 5 முதல் 10 வினாடி வரை எடுத்துக்கொண்ட அக்கணினி, 1957ல் வுல்வர்ஹாம்ப்டன் தொழில்நுட்பக் கல்லூரிக்குச் சென்று 1973 வரை மாணவர்களுக்குப் பயன்பட்டது.

இவற்றுக்கு நடுவே தோன்றி மறைந்தவையும் உண்டு. பிலிப்ஸ் நிறுவனத்தின் இ1டி குழாயில் எலக்ட்ரான் கற்றை பத்து இடங்களில் ஒன்றில் நின்று, கண்ணாடியின் பக்கவாட்டில் பசுமையான ஒளிக்கீற்றைக் காட்டும். சுவீடனில் ஹானெஸ் ஆல்ஃப்வென் குழுவின் ஆய்விலிருந்து வந்த ட்ரோகோட்ரான், மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் குறுக்கே வைத்து எலக்ட்ரான் கற்றையைப் பத்து அறைகளுக்குள் சுழற்றியது. அது மெகாஹெர்ட்ஸ் வேகத்தை எட்டியது. ஆனால் எண்ணைக் காட்டாது. காட்டுவதற்குத் தனிக் குழாய் வேண்டும்.

எண் வடிவத்திலேயே மின்வாயைச் செய்து ஒளிரவைக்கும் எண்ணம் நிக்ஸிக்கு முந்தியது. நேஷனல் யூனியன் நிறுவனத்தின் இண்டிட்ரான் அப்படிப்பட்டதுதான். அதில் பொதுவான நேர்மின்வாய் இல்லாததால் இயக்கும் சுற்று சிக்கலாகிப் பரவாமல் போயிற்று. நியூ ஜெர்சியில் வால்வுகள் செய்துவந்த ஹைடு சகோதரர்களின் சிறிய நிறுவனத்தைக் கணக்கு இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற பரோஸ் நிறுவனம் 1954ல் வாங்கியது. அங்கு உருவான குழாயை மறு ஆண்டு நிக்ஸி என்ற வணிகப்பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது.

ஒரு நிக்ஸி குழாயைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதன் அமைப்பு முழுவதும் கண்ணில் படும். முன்னால் சல்லடை போன்ற மெல்லிய உலோக வலை, அதுதான் நேர்மின்வாய். அதற்குப் பின்னால் மெல்லிய தகட்டில் செதுக்கி எடுத்த பத்து எண்கள், ஒன்றோடொன்று ஒட்டாதபடி சிறு இடைவெளியில் அடுக்கியிருக்கும். அடுக்கின் வரிசை 1, 2, 3 என்று இருக்காது. முன்னால் இருக்கும் எண்ணின் கோடுகள் பின்னால் ஒளிரும் எண்ணைக் கூடுமானவரை மறைக்காதபடி வரிசையைக் கலைத்து அமைப்பார்கள். இதனால் எண்கள் மாற மாற ஒளி ஒரு கணம் கண்ணாடிக்கு அருகிலும் மறுகணம் உள்ளே ஆழத்திலும் நிற்கும். பிற்காலத்துத் தட்டையான காட்சிகள் எதிலும் இந்த ஆழம் இல்லை. சோவியத் ஐஎன்-12 குழாயில் இன்னொரு சிறப்பும் உண்டு: 5 என்ற எண்ணுக்குத் தனி அச்சு செய்யாமல் 2 என்ற எண்ணையே தலைகீழாக வைத்துவிட்டார்கள். உற்றுப் பார்க்காதவரை அது தெரியாது.

குழாய்க்குள் நியானோடு சிறிது ஆர்கானும் பிற்கால வகைகளில் சிறிது பாதரசமும் இருக்கும். ஏறத்தாழ 170 வோல்ட் கொடுத்தால் வாயு அயனியாகி, தரையோடு இணைத்த எண்ணைச் சுற்றி ஒளி போர்த்தும். ஒளி ஏற்றியபின் குழாயின் குறுக்கே சுமார் 140 வோல்ட் நிற்கும். எஞ்சிய 30 வோல்டை வரிசையில் வைத்த மின்தடை தாங்கி, மின்னோட்டத்தை ஓரிரு மில்லிஆம்பியரில் கட்டிவைக்கும். மின்தடை இல்லாவிட்டால் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் ஏறிக் குழாய் அழியும். பாதரசம் சேர்த்ததற்குக் காரணம் ஆயுள். அயனிகள் மோதும்போது மின்வாயின் உலோகம் துகள் துகளாகச் சிதறும். பாதரசம் அதைத் தணிக்கும். தொடக்ககாலக் குழாய்களின் ஆயுள் சில ஆயிரம் மணி நேரம்தான். பிற்காலத்தவற்றில் அது லட்சம் மணி நேரத்தைத் தாண்டியது. ஆண்டுக்கணக்கில் அணைக்காமல் ஓடும் ஆய்வகக் கருவிக்கு இதுவே பெரிய விற்பனைக் காரணமாக அமைந்தது.

பத்துக் கம்பிகளில் எதைத் தரையோடு இணைப்பது என்று முடிவுசெய்யும் சுற்றுதான் கருவியை வடிவமைத்தவர்களுக்குச் சோதனையாக இருந்தது. பரோஸ், ட்ரோகோட்ரானையே சிறிதாக்கி, எண்ணும் கற்றையால் நேரடியாக நிக்ஸியை இயக்கியது. ஹியூலெட்-பேக்கார்ட் டிரான்சிஸ்டர் எண்ணிகளில் கையாண்ட வழி தனித்தன்மை கொண்டது. அக்காலத்து மலிவான டிரான்சிஸ்டர்களால் உயர் மின்னழுத்தத்தைத் தாங்க முடியாது. ஆகவே ஒவ்வொரு இரட்டைச் சுற்றும் உள்ளே மறைந்திருக்கும் ஒரு சிறு நியான் விளக்கை ஏற்றும். அதன் ஒளி, ஒளிக்கடத்தித் தகட்டின் சில பகுதிகளில் மட்டும் விழும். ஒளி விழுந்த இடங்களில் மின்தடை இறங்கி, உரிய எண்ணுக்கு மட்டும் வழி திறக்கும். ஒளியே கணக்குப் போட்டு ஒளியை ஏற்றும் இந்த ஏற்பாடு ஒருங்கிணைந்த சுற்றுகள் வந்ததும் மறைந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் 7441, அடுத்து வந்த 74141 ஆகிய சில்லுகள் அந்த வேலை முழுவதையும் 16 கால்களுக்குள் அடக்கின. 60 வோல்ட் அளவே தாங்கும் சில்லு 170 வோல்ட் குழாயை எப்படி இயக்குகிறது என்ற கேள்வி எழலாம். ஓர் எண் ஒளிர்ந்தவுடன் நேர்மின்வாய் 140 வோல்டுக்கு இறங்கிவிடும். மற்ற எண்கள் 60 வோல்டில் மிதப்பதால் அவற்றுக்குக் கிடைப்பது 80 வோல்ட்தான். அது ஒளி ஏற்றப் போதாது.

மின்னழுத்தத்தை எண்ணாகக் காட்டும் கருவி வேறொரு பாதையில் வந்தது. கலிஃபோர்னியாவில் ஆண்ட்ரூ கே 1952ல் தொடங்கிய நான்-லீனியர் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் டிஜிட்டல் வோல்ட்மீட்டர், தொலைபேசி நிலையங்களில் இருப்பது போன்ற படிமாற்றிகளைக் கொண்டு, தெரிந்த மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றித் தெரியாததோடு ஒப்பிட்டது. ஒவ்வோர் அளவுக்கும் கடகடவென்று சத்தம் கேட்கும். எண்கள் செதுக்கிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடுகளுக்கு விளிம்பிலிருந்து விளக்கு வெளிச்சம் கொடுத்து அது எண்ணைக் காட்டியது. பின்னர் மின்னழுத்தத்தை நேரமாக மாற்றி, அந்த நேரத்துக்குள் துடிப்புகளை எண்ணும் முறை நிலைபெற்றது. மாறாத வேகத்தில் ஏறும் மின்னழுத்தம், அளக்க வேண்டிய அளவைத் தொடும்வரை எத்தனை துடிப்பு என்பதே விடை. அதாவது வோல்ட்மீட்டரும் உள்ளுக்குள் ஓர் எண்ணிதான். 1963ல் வந்த எச்.பி. 3440ஏ இந்த வகையைச் சேர்ந்தது, நிக்ஸி காட்சி கொண்டது. டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 567 என்ற அலைகாட்டியில் திரைக்குப் பக்கத்திலேயே நிக்ஸி குழாய்களை வைத்து, அலையின் ஏறுநேரம் போன்ற அளவுகளைத் திரையில் கட்டம் எண்ணாமல் நேரே படிக்கச் செய்தது.

நிக்ஸி காலத்தின் உச்சத்தை ஒரே கருவியில் காட்டச் சொன்னால் எச்.பி. 5245எல் என்ற அதிர்வெண் எண்ணியைச் சொல்லலாம். 1960களின் தொடக்கத்தில் வந்த இதில் வால்வுகளுக்குப் பதில் டிரான்சிஸ்டர்கள், எட்டு இலக்க நிக்ஸி வரிசை, தானாகவே 50 மெகாஹெர்ட்ஸ் வரை எண்ணும் திறன், முகப்பில் செருகும் பெட்டிகளை மாற்றினால் கிகாஹெர்ட்ஸ் வரை போகும் வசதி எல்லாம் இருந்தன. உள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகம் மாறா வெப்பத்தில் காத்த சிறு அடுப்புக்குள் அதிர்ந்துகொண்டிருக்கும். கருவியை அணைத்தாலும் மின்சாரத் தொடர்பு இருக்கும்வரை அடுப்பு அணையாது. அலையைக் கொடுத்ததும் கதவு விளக்கு ஒரு வினாடி எரிந்து அணையும். எண்கள் அதுவரை அசையாமல் நின்று, அணைந்த கணத்தில் புதிய அளவுக்கு ஒரே தாவலில் மாறும். முந்தைய கருவிகளில் எண்ணும்போதெல்லாம் இலக்கங்கள் மங்கலாக ஓடிக் கண்ணைக் களைப்பாக்கின. பழைய அளவைத் தேக்கி வைத்துக் காட்டும் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னர்தான் எண்ணியை நாள் முழுவதும் பார்த்து வேலை செய்ய முடிந்தது. கடைசி இலக்கம் மட்டும் ஒன்று கூடியும் குறைந்தும் ஆடும். கதவு திறக்கும் கணமும் அலையின் உச்சியும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லாததால் எல்லா எண்ணிகளுக்கும் பொதுவான ஆட்டம் அது. அக்காலக் கருவிகளின் முகப்பில் ஹெர்ட்ஸ் என்று இருக்காது, கிலோசைக்கிள், மெகாசைக்கிள் என்பதன் சுருக்கங்களே இருக்கும். ஹெர்ட்ஸ் 1960ல்தான் பன்னாட்டு அலகு முறையில் சேர்ந்தது. முகப்பில் உள்ள எழுத்தைப் பார்த்தே கருவியின் காலத்தை ஓரளவு கணிக்கலாம்.

ஐரோப்பாவில் பிலிப்ஸ், கிழக்கு ஜெர்மனியின் ஆர்எஃப்டி, சோவியத் தொழிற்சாலைகள், ஜப்பானிய நிறுவனங்கள் எனப் பலரும் இக்குழாய்களைச் செய்தனர். 1961ல் பிரிட்டனில் வந்த அனிடா மேசைக் கணக்கிகளும் 1964ல் வந்த ஷார்ப் கணக்கியும் எண்குழாய்களை அலுவலக மேசைக்குக் கொண்டுபோயின.

வீழ்ச்சி விரைவாக நடந்தது. 1960களின் இறுதியில் ஒளியுமிழ் டயோடு எண்கள் விற்பனைக்கு வந்தன. ஐந்து வோல்ட் போதும், உடையாது, சட்டைப்பைக்குள் அடங்கும். 1972ல் எச்.பி.-35 என்ற கையடக்கக் கணக்கி அதை எல்லோருக்கும் காட்டிவிட்டது. ஜப்பானில் உருவான பச்சை நிற வெற்றிட ஒளிர்க்காட்சி கணக்கிகளையும் கடிகாரங்களையும் பிடித்தது. பரோஸ் நிறுவனமே ஏழு கோடுகளால் எண் காட்டும் தட்டையான நியான் பலகைக்கு மாறியது. 1970களின் நடுப்பகுதிக்குள் மேற்கத்தியப் புதிய வடிவமைப்புகளில் நிக்ஸி ஏறக்குறைய இல்லை. சோவியத் தொழிற்சாலைகள் மட்டும் 1980களிலும் செய்துகொண்டிருந்தன. இன்று உலகெங்கும் கைமாறும் பயன்படுத்தாத குழாய்களில் பெரும்பங்கு அந்தக் கிடங்குகளிலிருந்து வந்தவை.

ஆய்வகங்கள் கழித்துக்கட்டிய கருவிகள் முதலில் அமெச்சூர் வானொலிக்காரர்களிடம் சென்றன. ஓஹையோவின் டேட்டனில் ஆண்டுதோறும் கூடிவந்த வானொலிச் சந்தை, சிலிக்கான் பள்ளத்தாக்கில் டி ஆன்சா கல்லூரி வளாகத்து மின்னணுப் பழைய பொருள் சந்தை போன்ற இடங்களில், ஒருகாலத்தில் காரின் விலைக்கு விற்ற எண்ணிகள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. வாங்கியவர்கள் அவற்றை அலமாரியில் வைக்கவில்லை. தங்கள் ஒலிபரப்பியின் அதிர்வெண்ணைச் சரிபார்க்கவும், பெறுவான்களைச் சீரமைக்கவும் பயன்படுத்தினார்கள். சேகரிக்கும் வழக்கம் பயன்பாட்டிலிருந்தே பிறந்தது.

2000க்குப் பின் நிக்ஸி கடிகாரங்கள் மீது மோகம் பிறந்தபோது இக்கருவிகளுக்கு இழப்பு நேர்ந்தது. ஆறு குழாய் வேண்டும் என்பதற்காக நன்றாக வேலை செய்யும் எட்டு இலக்க எண்ணியை உடைத்து, குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு, மீதியைக் குப்பையில் போட்டார்கள். படிக அடுப்பும், பொன்முலாம் பூசிய பலகைகளும், கையால் கட்டிய கம்பிக் கொத்துகளும் அதோடு போயின. கடிகாரத்துக்குத் தனிக்குழாய்கள் தாராளமாகக் கிடைத்த நாளில் இது தேவையற்ற அழிவு. அளவெடுத்தலின் வரலாற்றில் அக்கறையுள்ள சேகரிப்பாளர்கள் முழுக் கருவியைக் காப்பதையே வற்புறுத்துவது நியாயமானது. எண்ணும் சுற்றில்லாத நிக்ஸி ஓர் அலங்கார விளக்குதான்.

பழைய கருவியை மீட்பதற்கு ஒழுங்கு உண்டு. கிடைத்தவுடன் மின்சாரத்தில் செருகுவது பெரும் பிழை. பல ஆண்டு உறங்கிய எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்களின் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் நலிந்திருக்கும். முழு மின்னழுத்தம் ஏறினால் அவை வெடிக்கலாம், மின்மாற்றியையும் கூடவே கொண்டுபோகலாம். ஆகவே வேரியாக் என்ற மாறுமின்மாற்றி மூலம் மெல்ல மெல்ல மின்னழுத்தத்தை ஏற்றுவார்கள், அல்லது கண்டென்சர்களை முதலிலேயே மாற்றிவிடுவார்கள். அமெரிக்கக் கருவிகளின் பின்புறம் 115, 230 வோல்ட் மாற்றும் விசை இருக்கும். அதைப் பார்க்காமல் செருகினால் ஃபியூஸ் போவதோடு நின்றால் நல்லது. காகிதக் கண்டென்சர்கள், செலீனியம் திருத்திகள், பலகைகள் செருகும் இடங்களில் படிந்த களிம்பு ஆகியவை அடுத்துப் பார்க்க வேண்டியவை. சில ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களின் உறைக்குள் தகரம் மயிரிழையாக வளர்ந்து குறுக்குத் தொடர்பை ஏற்படுத்தும் கோளாறும் உண்டு. நிக்ஸி வழியில் 170 வோல்டுக்கு மேல் ஓடுகிறது, அணைத்த பின்னும் கண்டென்சரில் தங்கியிருக்கும். ஒரு கையால் மட்டும் வேலை செய்வது என்ற வால்வுக்கால ஒழுக்கம் இங்கும் பொருந்தும். உடைந்த குழாயில் பாதரசம் இருக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

குழாய்களுக்கே உரிய நோய்களும் உண்டு. அதிர்வெண் எண்ணியில் இடக்கோடி இலக்கம் ஆண்டுக்கணக்கில் 0 அல்லது 1 காட்டியபடியே இருந்திருக்கும். ஒளிரும் எண்ணிலிருந்து சிதறிய உலோகம் ஒளிராத மற்ற எண்களின் மேல் படிந்து, அந்த இடத்தை மூடிவிடும். பிறகு 7 ஏற்றினால் பாதி 7 மட்டும் ஒளிரும். பாதிக்கப்பட்ட எண்ணைச் சற்றே கூடுதல் மின்னோட்டத்தில் சில மணி நேரமோ சில நாளோ தொடர்ந்து ஒளிரவிட்டால் படிவு பெரும்பாலும் நீங்கும். கருவியிலேயே செய்யக்கூடிய எளிய மருத்துவம், இலக்கங்களின் குழாய்களை ஒன்றோடொன்று இடம் மாற்றி வைப்பது. மிக வேகமாக மாறும் வலக்கோடி இலக்கத்தில் வைத்த குழாய் தானே தேறிவிடும். டெக்கட்ரான் பல ஆண்டு சுழலாமல் கிடந்தால் புள்ளி ஓர் எண்ணில் ஒட்டிக்கொள்ளும். விடாமல் சுழலவிட்டால் பல குழாய்கள் பழைய நிலைக்கு வரும். குளிர் மின்வாய்க் குழாய்கள் சில, முழு இருட்டில் ஒளி ஏறத் தாமதிக்கும். வாயுவில் முதல் அயனியை உண்டாக்க அறை வெளிச்சமும் துணைசெய்கிறது என்பதே காரணம்.

மீட்ட கருவி நம்பத்தக்கதா என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் படிகத்தில் இருக்கிறது. எண்ணும் சுற்று ஒன்று சரியாக எண்ணும், இல்லையேல் வெளிப்படையாகத் தவறும். நடுவில் நிற்பது அரிது. படிகமோ ஆண்டுகள் போகப் போகச் சிறிது விலகும். பெரிய எண்ணிகளின் பின்புறம் வெளி மூல அலைவரிசைக்கு ஒரு வாசல் உண்டு. செயற்கைக்கோள் வழி நேரத்தைப் பெற்று அதனோடு இணைந்து அதிரும் 10 மெகாஹெர்ட்ஸ் மூலம் இன்று மலிவு. அதற்கேற்ற வாசலுள்ள எண்ணியில் அதைக் கொடுத்தால், அறுபது ஆண்டு பழைய கருவியும் தன் இலக்கங்கள் அனுமதிக்கும் எல்லை வரை சரியான விடை தரும். வோல்ட்மீட்டர்களுக்கு அந்தப் பேறு இல்லை. உள்ளே உள்ள ஒப்பீட்டு மின்னழுத்தமும் மின்தடைகளும் மூப்படைவதால் அவற்றை அவ்வப்போது தரப்படுத்த வேண்டும்.

ஹார்வெல் கணினி, பல்லாண்டு கிடங்கில் கிடந்து, பிளெட்ச்லி பார்க் வளாகத்திலுள்ள தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் தன்னார்வலர்களால் மீட்கப்பட்டு 2012 நவம்பரில் மீண்டும் ஓடத் தொடங்கியது. செக் நாட்டில் டாலிபோர் ஃபார்னி, மறைந்துபோன கண்ணாடி வேலையையும் வாயு அடைக்கும் நுட்பத்தையும் தாமே கற்று, கிழக்கு ஜெர்மனியின் பெரிய எண்குழாய் ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு புதிய நிக்ஸி குழாய்களைக் கையால் செய்துவருகிறார். ஆனால் அவை கடிகாரங்களுக்கேற்ற பெரிய குழாய்கள். பழைய எண்ணிகளின் சிறு சாக்கெட்டில் பொருந்தா. 74141 சில்லும் உற்பத்தியில் இல்லை. அதற்கு இணையான சோவியத் கே155ஐடி1 பழைய இருப்பிலிருந்தே கிடைக்கிறது. ஒளிக்கடத்தித் தகடுகளுக்கோ மாற்றே கிடையாது. ஆகவே ஒரு கருவியை ஓடவைக்க, பழுதான அதே வகைக் கருவி ஒன்றைப் பகுதிகளுக்காக வாங்கி வைப்பதே இத்துறையில் நிலைத்துவிட்ட வழக்கம்.